கடவையில் ஒன்பது நிமிடம்

ஜமாலியா,
திருகோணமலை.
22.04.1974

அன்பு மகன் லாபிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் உம்மா, தங்கச்சிமார், நான் எல்லோரும் சுகம். உன்னுடைய சுகத்துக்கும் நாளும் துஆச் செய்கிறோம். புறக்கோட்டை அறையில் மூட்டைப்பூச்சித் தொல்லை என்று எழுதியிருந்தாய். கட்டில் கால்களுக்கு மண்ணெண்ணெய் பூசச் சொல்லி உம்மா எழுதச் சொன்னா. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். அதையும் நான்தான் யோசித்து எழுதவேண்டுமாம்.

இங்கே அரிசி நிலைமை உனக்குத் தெரியும். வாரத்தில் நாலு நாள் மரவள்ளிக்கிழங்கு. சின்னவள் பல்கீஸ், கிழங்கு என்ற சொல்லைக் கேட்டாலே பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல எழுந்து நிற்கிறாள். மற்றபடி குறையில்லை. பென்சன் மாதக் கடைசியில் தவறாமல் வருகிறது.

நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது வேறு விசயத்துக்கு. நேற்று நாங்கள் நாலு பேரும் ஒரு சைக்கிளோட்டம் பார்த்தோம். மகன், எனக்கு ஐம்பத்தேழு வயது. கப்பற்படைக்காரரின் படகோட்டத்தைக் கோட்டை மலையில் நின்று பார்த்திருக்கிறேன், எத்தனையோ உதைபந்தாட்டம் பார்த்திருக்கிறேன். நேற்றுப் பார்த்ததுபோல ஒன்றைப் பார்த்ததில்லை.

நம் வீட்டுப் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. மைதானத்தில் இடைவேளைக்குப் பிறகு கேற்றைத் திறந்து விடுவார்கள், அதற்குப் பிறகு டிக்கற் கேட்க ஆளில்லை. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே மதிலோரம் நின்று, உள்ளே கேட்கும் கூச்சலை வைத்து யார் கோல் போட்டது என்று பந்தயம் பிடிப்போமே. நம் வீட்டில் முதல் பாதி பார்த்தவர் ஒருவருமில்லை. உம்மா யாரிடமோ சொன்னாவாம், எங்கட மாஸ்டருக்கு உதைபந்தாட்டம் எண்டா நாப்பத்தஞ்சு நிமிசம்தான் என்று.

சைக்கிளோட்டத்துக்கு டிக்கற் இல்லை. ஆனால் ஒரு குறை. போன வருசம் கண்டி வீதியில் வெயிலில் இரண்டு மணித்தியாலம் காத்து நின்றோம். உம்மா முக்காட்டைச் சரிசெய்து நிமிர்வதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். இன்றுவரை, நான் ஒரு சக்கரம்கூடக் காணல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கிறா. ஒரு உதாரணம் சொன்னால், கலியாணச் சாப்பாட்டுக்குப் போய் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பி வருவது மாதிரி.

ஆகவே இந்த முறை நான் யோசித்தேன். தம்பலகாமத்துக்கும் சீனக்குடாவுக்கும் இடையில் வீதியை ரயில் பாதை வெட்டிப் போகும் ஒரு கடவை இருக்கிறது. அங்கே கேற் காவலுக்கு இருப்பவன் இராசையா. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஏழாம் வாய்பாடு வராமல் இரண்டு மாதம் என்னையும் அழ வைத்து, தானும் அழுதவன். இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். போன கிழமை சந்தையில் கண்டபோது, ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலை ஒட்டி ஒரு சாமான் கோச்சி கடவையைத் தாண்டும் என்று சொன்னான். ஹபறணையில் தொடங்கும் ஓட்டமும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் அந்த இடத்துக்கு வரும். அப்படியென்றால் கேற் மூடியிருக்கும். ஓட்டக்காரர் எல்லோரும் எங்கள் முன்னால் நின்றே தீரவேண்டும்! என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் பஸ்ஸில் போனோம். அவித்த கிழங்கு, கட்டச் சம்பல், ஒரு போத்தல் பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி, எங்கள் மரத்தில் பழுத்த நாலு தோடம்பழம். இராசையா தன்னுடைய குவாட்டர்ஸிலிருந்து நாங்கள் உட்கார ஒரு வாங்கைத் தூக்கிவந்து கேற்றுக்குப் பக்கத்தில் போட்டான். மந்திரிமாருக்குக்கூட இப்படி இடம் கிடைக்காது என்று உம்மா சொன்னா. மூத்தவள் றஹ்மாவிடம் ஒரு கொப்பியும் என்னுடைய கைக்கடிகாரமும் கொடுத்து, நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதச் சொன்னேன். ஸ்டேசனிலிருந்து பெல் வந்தால்தான் கேற்றை மூடுவது வழக்கம். ஓட்டக்காரர் பெல்லுக்கு முந்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. ரெண்டு மூண்டு நிமிசம் முந்தி மூடினா என்ன குறைஞ்சு போகும் என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். சேர் கேட்டா நான் நாளை வரைக்கும் மூடி வைப்பனே என்று அவனும் சிரித்தான்.

பல்கீஸ் வேலியில் ஏறி நின்று காவல் பார்த்தாள். வருது, வருது என்று அவள் கத்தியதும் இராசையா ஓடிப்போய் அந்த வெள்ளையும் சிவப்பும் அடித்த மரக் கேற்றை வீதிக்குக் குறுக்கே தள்ளினான். றஹ்மா 10.41 என்று எழுதினாள்.

வந்தது ஒரே ஒருவர்.

வெறும் வீதி. இரண்டு பக்கமும் அறுத்த வயல். தூரத்தில் வெயில் தண்ணீர்போல் ஆடுகிறது. அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மனிதன் புறப்பட்டு வருவதுபோல அவர் வந்தார். முதலில் தலை, பிறகு தோள், கடைசியில்தான் சக்கரம். அவருடைய தோள் அசையவே இல்லை. தலையில் நிறைகுடம் வைத்திருப்பவரின் கழுத்து எப்படி இருக்கும், அப்படி. கால்கள் மட்டும் சுழல்கின்றன. சத்தமில்லை. பல்கீஸ் வேலியில் நின்றபடியே வாயைத் திறந்து மூட மறந்துபோனாள். 10.43க்கு எங்கள் முன்னால் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மா சாக்கில் தைத்த சேர்ட். முதுகில் 17 என்று கரியால் எழுதியிருந்தது. ரயர் இறக்குமதி இல்லாத காலமல்லவா, பின் ரயரில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டிருந்தது. மீனவர் வலை பொத்துகிற தையல். அந்தத் தையலோடு ஹபறணையிலிருந்து நாற்பது மைலுக்கு மேல் வந்திருக்கிறார்! சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கேற்றின் ஓரத்தால் உள்ளே போய்க் குனிந்து, தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஓட்டக்காரர் வழியில் வரும் எல்லாவற்றையும் தொட்டுக் கும்பிடுவார்கள்போலும் என்று நினைத்தேன். எனக்கு மெய் சிலிர்த்துப்போனது. பிறகு இராசையாவைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். திரும்பி வந்து கேற்றுக்குப் பின்னால் நின்றார். மூடின கேற்றைத் தாண்டினால் ஓட்டத்திலிருந்து நீக்கி விடுவார்களாம். உம்மா தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தா. இரண்டு சுளை தின்றார். எந்த ஊர் தம்பி என்று கேட்டதற்கும் பதில் இல்லை. மூச்சை மிச்சம் பிடிக்கிறார் என்று உம்மா எனக்கு விளக்கம் சொன்னா.

10.47க்குப் பெல் அடித்தது. 10.49க்கு மற்றவர்கள் பதினொரு பேர் ஒன்றாக வந்தார்கள். கடலில் சூடைமீன் கூட்டம் ஒன்றாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதுபோல ஒன்றாக வளைந்து, ஒன்றாக நின்றார்கள். பின்னால் நடத்துநர்களின் ஜீப். பெற்றோல் தட்டுப்பாட்டால் அந்த ஒரு ஜீப்தான். பன்னிரண்டு பேரின் மூச்சும் கொல்லன் துருத்திபோல எங்கள் முகத்தில் பட்டது. கால் நரம்புகள் தனியாக உயிருள்ளவைபோல் துடித்தன. எவருடைய முழங்காலிலிருந்தோ இரத்தம் வழிந்தது, அவர் அதைக் குனிந்து பார்க்கவேயில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், மகன். பெரிய மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்க ஏலாதே.

கோச்சி போய், 10.52க்குக் கேற் திறந்தது. ஒரே மூச்சில் அத்தனை பேரும் பறந்தார்கள். வீதியில் அவர்களுடைய வியர்வைச் சொட்டுகள் மட்டும் மிஞ்சின. பல்கீஸ் இறங்கிப்போய் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

முதலாவதாக வருகிறவருக்குக் கிண்ணமும், கொழும்பில் ஒரு கூட்டுத்தாபனத்தில் வேலையும், அவர்களுடைய சைக்கிள் அணியில் இடமும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. படித்த பிள்ளைகளே வேலையில்லாமல் திரியும் காலம், அது எவ்வளவு பெரிய பரிசு என்று உனக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வரும்போது ஓட்டத்தின் எல்லையான கடற்கரையில் எல்லாம் முடிந்து பந்தலும் பிரித்துவிட்டார்கள். முதலில் வந்து நின்ற அந்தப் பொடியன்தானே முதலாவதாக வந்திருப்பான் என்று உம்மா முடிவு கட்டிவிட்டா. நானும் அப்படியே நினைக்கிறேன்.

இரவு படுத்த பிறகும் அந்தத் தோள் அசையாமல் வருவது கண்ணுக்குள் வந்தது. நீயும் இருந்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். வேளைக்குச் சாப்பிடு. தொழுகையை விடாதே.

துஆக்களுடன்,
வாப்பா,
எம். ஸஹாப்தீன்.


ஜமாலியா,
திருகோணமலை.
12.05.1974

அன்பு மகன் லாபிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. என்னுடைய கடிதத்தை உன் கடைக்கார நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினாய் என்றும், எல்லோரும் கை தட்டினார்கள் என்றும் எழுதியிருந்தாய். மகன், அந்தக் கடிதத்தை இனி எவருக்கும் வாசித்துக் காட்டாதே. ஏன் என்று சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உம்மா சந்தைக்குப் போனா. தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். உம்மா முதலில் அடையாளம் கண்டது சைக்கிளைத்தான். பின் ரயரில் அந்தத் தையல். அந்தப் பொடியன் திரியாயைச் சேர்ந்தவர், அருளம்பலம் என்று பெயர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரியாயிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்றுவிட்டு அதே சைக்கிளில் திரும்பிப் போகிறார். அந்தக் குண்டும் குழியுமான வீதியில் ஒரு சட்டி உடையாமல் ஓட்டித்தான் அவருடைய தோள் அப்படி அசையாமல் நிற்கப் பழகியிருக்கிறது. உம்மாவுக்கு ஒரே சந்தோசம். கொழும்பில வேல கிடைச்சும் இன்னும் தயிரா தம்பி என்று பகிடியாகக் கேட்டிருக்கிறா. அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வேலை மற்றவருக்கு அம்மா, நான் மூண்டாவது என்று சொன்னாராம்.

கடற்கரையில் கடைசி நூறு யார் தூரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தபோது, அந்தத் தைத்த ரயரை நம்பி அவரால் பாய ஏலவில்லை. தனியாக வந்திருந்தால் பாயவே தேவையில்லை.

உம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். பாவம் என்று சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. றஹ்மா உள்ளே போய் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வாப்பா, பெல் அடிச்சது பத்து நாப்பத்தேழு. அவர் வந்தது பத்து நாப்பத்து மூண்டு. இவ்வளவும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

நான் முப்பத்து மூன்று வருசம் கணக்குப் படிப்பித்தவன். நீயும் போட்டுப் பார். கேற்றைப் பெல்லுக்கு மூடியிருந்தால், அருளம்பலம் நாலு நிமிடம் முந்தியே தாண்டிப் போயிருப்பார். மற்றப் பதினொரு பேரும்தான் 10.49க்கு வந்து, மூடின கேற்றுக்குப் பின்னால் கோச்சி போகும்வரை நின்றிருப்பார்கள். ஆறு நிமிடம் முன்னால் இருந்தவர் ஒன்பது நிமிடம் முன்னால் போயிருப்பார். அந்த ஒன்பது நிமிடத்தையும் வாங்கில் உட்கார்ந்து தோடம்பழம் தின்றுகொண்டு பறித்தது நான். அதையும் பிள்ளையைக்கொண்டு நேரம் போட்டு எழுதுவித்திருக்கிறேன்.

தண்டவாளத்தில் அவர் கை வைத்தது கும்பிடுவதற்கு அல்ல என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோச்சி வந்தால் இரும்பு அதிரும். அதிரவில்லை. அவர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

உடனே ஓட்டச் சங்கத்துக்கு எழுதிவிடுகிறேன் என்று கடதாசி எடுத்தேன். உம்மா கையைப் பிடித்துவிட்டா. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்க உண்மையச் சொல்லி நல்ல மனிசனாகிடுவீங்க. இராசையாட மூணு பிள்ளையளும் என்னத்தத் தின்னும்? நான் பேனையை வைத்துவிட்டேன். பெல் இல்லாமல் கேற்றை மூடியது தெரிந்தால் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவன் அதைச் செய்தது எனக்காக. எழுதினால் ஒரு பிள்ளைக்கு அநியாயம், எழுதாவிட்டால் மற்றப் பிள்ளைக்கு அநியாயம்.

நேற்றுக் கடவைக்குப் போய் இராசையாவிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். நானே போய்ச் சொல்றன் சேர், என்ன வந்தாலும் வரட்டும் என்றான். அவன் மனுசி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. அவனைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு காலம் என்று அவன் கேட்டான்.

முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். எனக்காக துஆச் செய்.

வாப்பா,
எம். ஸஹாப்தீன்.


ஜமாலியா,
திருகோணமலை.
09.06.1974

அன்பு மகன் லாபிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். உம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், இப்போது சுகம். றஹ்மா தவணைப் பரீட்சையில் கணக்கில் வகுப்பில் முதலாவது. அவளைப் பாராட்ட எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நான் திரியாய்க்குப் போனேன். கொப்பியையும் கொண்டுபோனேன். அருளம்பலம் முற்றத்தில் தயிர்ச் சட்டிகளைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டிகளைக் கழுவி, கவிழ்த்து, கையைத் துடைத்து முடிக்கும்வரை நான் வெயிலில் நின்றேன். எனக்கு ஒரு கதிரை தர அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. நியாயம்தான்.

பிறகு அவர் கதைத்தார். நான் கை வச்சுப் பாத்தனான் சேர், தண்டவாளம் செத்துக் கிடந்தது. ரெண்டு மைல்கட்டைக்கு அங்கால கோச்சி வந்தாலே இரும்பு கதைக்கும். அது கதைக்கல்ல. எனக்கு அப்பவே தெரியும். இப்படிச் சொன்னார். பிறகு ஏன் தம்பி அங்கேயே சண்டை பிடிக்கவில்லை, ஜீப் வந்தபோதாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உண்மையைச் சொன்னா, முதல்ல கோபத்தில எனக்கு வாய் வரல்ல என்றார். தோடம்பழத்தை உங்கட மூஞ்சியில எறிவமா எண்டு யோசிச்சனான், அம்மா உரிச்சுத் தந்தபடியா விட்டனான் என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார்: ஜீப் வந்து நிண்ட உடன அந்தக் கேற்காரரைப் பாத்தன். மனிசன் என்னைப் பாக்காம கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் வாயைத் திறந்தா அவர்ட சோறு போயிடும். எனக்குக் கால் இருக்கு, இன்னொருக்கா ஓடலாம் எண்டு நினைச்சன்.

ஆனால் இன்னொரு ஓட்டம் இல்லை. சங்கத்தில் பணமில்லையாம், இனி எப்போது என்று தெரியாதாம். அன்றுவரை அவர் இதை எவரிடமும் சொல்லவில்லை, பெற்ற தாயிடம்கூட. தயிர்க்காரனுக்கு ஏன் சைக்கிளோட்டம் எண்டு நான் அப்பவே கேட்டனான் என்று தாய் அங்கேயும் என் முன்னால் வைத்தே அவரை ஏசினா. அதையும் கேட்டுக்கொண்டு கழுவின சட்டிகளை அடுக்கினார். வெயிலுக்குள்ளிருந்து அவர் புறப்பட்டு வந்ததைப் பார்த்து நான் மலைத்துப்போனேன் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? உண்மையில் மலைக்கவேண்டிய விசயம் அவர் வந்து நின்ற பிறகுதான் நடந்திருக்கிறது. என் கண் முன்னால், இரண்டு முழத் தூரத்தில். நான் அதைப் பார்க்கவேயில்லை.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். மத்தாக்கள் எவ்வளவு பின்னால வந்தவை சேர்? நான் திகைத்துப்போனேன். அவருக்கு அது தெரியாது. ஓடும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கமில்லையாம். நின்ற இடத்தில் கோபத்தில் நேரமும் விளங்கவில்லை. ஒரு நிமிசம், கூடினால் ரெண்டு நிமிசம் என்று நினைத்திருக்கிறார். கொப்பியை விரித்துக் கொடுத்தேன். றஹ்மாவின் உருண்டை எழுத்தில் 10.43. இரண்டு வரி கீழே 10.49. அவர் விரலை வைத்து மேலும் கீழும் பார்த்தார். ஆறு நிமிசமா என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார், திரும்பவும் ஓம் என்றேன். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, அம்மா, ஆறு நிமிசமாம் அம்மா, ஆறு நிமிசம் முன்னால வந்திருக்கிறன் என்று கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் குரலை உனக்கு எழுத எனக்கு ஏலாது. தாய் கரண்டியோடு வெளியே வந்தா. பதினொரு பேருக்குமா என்று கேட்டா. பதினொரு பேருக்கும் என்று நான் சொன்னேன். அந்தக் கொப்பித்தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். முதலில் ஒரு பிரதி எழுதிக்கொண்டு, கிழித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலை தருவதாகச் சொன்ன கூட்டுத்தாபனத்துக்கே எழுதினேன். கடவையில் வேடிக்கை பார்க்க நின்ற நான், என்னுடைய குடும்பம் ஓட்டக்காரரைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசையால், பதினேழாம் இலக்கக்காரரை வீதியில் தாமதிக்க வைத்தேன், குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, 10.43, 10.49 என்ற இரண்டு நேரத்தையும் மட்டும் வைத்து அனுப்பினேன். எப்படித் தாமதிக்க வைத்தேன் என்பதை எழுதவில்லை. அவர்கள் கேட்டாலும் சொல்லமாட்டேன். முப்பத்து மூன்று வருசம் ஒழுங்காக வேலை செய்த ஆசிரியன் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறானே என்று நாலு பேர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அனுப்பும் முன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதில ஒருத்தர்ட சோறும் போகாது, அனுப்புங்க என்றா.

பதில் வந்துவிட்டது. முடிந்த ஓட்டத்தின் முடிவை மாற்ற ஏலாதாம். வேலை கொடுத்தது கொடுத்ததுதானாம். ஆனால் ஆறு நிமிடம் என்பது உண்மையானால் ஆளை ஒருக்காப் பார்க்கவேண்டும் என்று, ஜூன் 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பில் கடற்கரையோர வீதியில் தனியாக ஓடவிட்டு நேரம் பார்க்கப்போகிறார்கள். வாக்குறுதி ஒன்றும் இல்லை என்று அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது போதும். தனக்கும் அது போதும் என்று அருளம்பலம் சொன்னார். ஒரு கூப்பனுக்கு நல்ல ரயர் ஒன்று கிடைக்குமா என்று இராசையா ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் எங்கேயோ ஒன்றைப் பிடித்துவிட்டான். அதை அவனே திரியாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் என்னுடைய வேண்டுகோள். அருளம்பலம் வெள்ளிக்கிழமை இரவுக் கோச்சியில் சைக்கிளோடு ஏறுவார். சனி காலை நீ கோட்டை ஸ்டேசனுக்குப் போய் அவரைக் கூட்டிவந்து உன் அறையில் தங்கவை. அவருக்குக் கொழும்பில் எவரையும் தெரியாது. கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படு. மூட்டைப்பூச்சி உன்னைக் கடித்தால் பரவாயில்லை. அவர் மரக்கறிச் சாப்பாடுதான், பார்த்து வாங்கிக் கொடு. கடவையைப் பற்றி ஒன்றும் கேட்காதே. என்னுடைய மகன் என்று தெரிந்தும் உன்னோடு சிரித்துக் கதைப்பார். அப்போது உனக்குத் தலை குனியும். எனக்காக அதைப் பொறுத்துக்கொள்.

எங்கள் நாலு பேருக்கும் கொழும்புக்கு வந்து போகிற வசதி இப்போது இல்லை. பல்கீஸ் கேட்டு அழுதாள். ஆகவே எல்லோருக்குமாக நீ மட்டும் போய்ப் பார். ஞாயிறு விடிய வீதியோரத்தில் ஒரு நல்ல இடத்தில் நில். கிட்டப் பார்க்கவேண்டும் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. அவர் தூரத்தில் தெரிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, கை நீட்டாதே. இரண்டடி பின்னால் தள்ளி நில், மகன். வீதி முழுவதும் அவருக்கு இருக்கட்டும்.

அல்லாஹ் அந்தப் பிள்ளையின் காலுக்கும் உன்னுடைய காலுக்கும் தடையில்லாத வழியைத் தரட்டும். ஆமீன்.

உன் வாப்பா,
எம். ஸஹாப்தீன்.